ஊசி முனையும் எலும்பின் உறுதியும்

பதுளை நகரை விட்டு நமுனுகுலை மலையை நோக்கி ஏறும் பாதையில் ஸ்பிரிங்வெளித் தோட்டம் இருக்கிறது. பொழுது புலர்ந்து பெரட்டு கலைந்ததும், முதுகிலே கூடையும் தலையிலே கூடைக்கயிறுமாகப் பெண்கள் நிரை நிரையாய் மலைக்கு ஏறுவதை அங்கே காணலாம். இளம் பெண்கள் நிமிர்ந்து நடக்கிறார்கள். அவர்களை வழியனுப்பிவிட்டு, லயத்து வாசலில் பேரக்குழந்தையுடன் நிற்கும் மூதாட்டியரைப் பாருங்கள். அவர்களுள் பலருடைய முதுகு வில்லைப்போல் வளைந்திருக்கிறது. முப்பது நாற்பது ஆண்டுகள் இதே மலையில் கொழுந்து பறித்தவர்கள் அவர்கள். "வயதாயிற்று, கூன் விழுந்துவிட்டது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். நரை திரை போலக் கூனும் இயற்கையின் நியதி என்று நாமும் நம்பி, அவர்களையும் நம்பச் செய்துவிட்டோம்.

அத்தகைய பாட்டி ஒருவரை மனக்கண்ணில் நிறுத்துவோம். பெயர் எதுவாயினும் ஆகுக. ஒருநாள் விறகுக் கட்டைக் குனிந்து தூக்குகிறார். நடு முதுகில் சுரீரென்று ஒரு வலி. தைலம் தேய்த்தாயிற்று, ஒத்தடம் கொடுத்தாயிற்று, பனடோல் விழுங்கியாயிற்று. வலி விட்டபாடில்லை. "டவுனிலே சீன ஊசி குத்துகிறார்களாம், பத்துத் தடவை குத்திக்கொண்டால் எலும்பு தேறிவிடுமாம்" என்று அடுத்த காம்பராவிலிருந்து ஆலோசனை வருகிறது. கொழும்பில் வேலை செய்யும் மகன் பணம் அனுப்புகிறான். பத்துத் தடவை பஸ் ஏறி இறங்கியபின் வலி மெய்யாகவே குறைந்துவிடுகிறது. பாட்டி ஊசிக்காரரை வாயார வாழ்த்துகிறார்; மறுபடியும் விறகுக்குப் போகிறார். சில மாதங்கள் கழித்து, மழை நனைத்த லயத்துப் படியில் கால் வழுக்குகிறது. இடுப்பெலும்பு முறிகிறது.

இதில் ஊசியின் குற்றம் என்ன? ஊசி தன்னால் இயன்றதைச் செய்தது, வலியைத் தணித்தது. ஆனால் வலி எதனால் வந்தது என்று எவரும் கேட்கவில்லை. எலும்பின் நிலை என்ன என்று எவரும் பார்க்கவில்லை. வலி அடங்கியதை எலும்பு தேறியதாக எண்ணிக்கொண்டதே இந்தக் கதையின் துன்பம். குத்தூசி வைத்தியமாகிய அக்குபங்சர் எலும்பு நலிவுக்கு எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் அதன் துணை முடிந்து வேறு துணை தேட வேண்டும் என்பதை வாசகர்கள், சிறப்பாக நம் மலைநாட்டுக் குடும்பத்தினர், தெரிந்துகொள்வது நலம்.

கூன் விழுவது ஏன்?

எலும்பு கல்லைப்போல் உயிரற்ற பொருளன்று. வீட்டுச் சுவரில் பழைய கல்லை எடுத்துவிட்டுப் புதுக்கல் வைப்பதுபோல், உடலில் ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பை அரித்தெடுக்க, மற்றொரு வகை உயிரணுக்கள் புதிய எலும்பைக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. இளமையில் கட்டுவோர் கை ஓங்கியிருக்கிறது. ஏறத்தாழ முப்பது வயதில் எலும்பு தன் முழு வலிமையை அடைகிறது. அதன்பின் சிறிது சிறிதாகக் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும், எலும்பைக் காத்துவந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு வற்றிவிடுகிறது. அடுத்து வரும் சில ஆண்டுகளில் அரிப்பு வேகமாகவும், கட்டுமானம் பின்தங்கியும் நிகழ்கின்றன. உள்ளே தேன்கூடுபோல் அமைந்த எலும்பின் கண்ணறைகள் பெரிதாகி, சுவர்கள் மெலிந்து, சில அறுந்தும் போகின்றன. இதுவே எலும்புப்புரை நோய். வைத்தியர்கள் இதனை ஒஸ்டியோபொரோசிஸ் என்பர்.

மூட்டுவலியையும் இந்நோயையும் பலர் ஒன்றெனக் கருதுகின்றனர். முழங்கால் மூட்டின் குருத்தெலும்பு தேய்வது வேறு நோய். அது நடக்கும்போது வலித்துத் தன்னை அறிவிக்கும். எலும்புப்புரையோ முறிவு நேரும்வரை வலிப்பதே இல்லை. ஆதலால்தான் இதனை ஓசையின்றி வரும் திருடன் என்கிறார்கள்.

முறிவு முதலில் நேர்வது பெரும்பாலும் முதுகெலும்பில். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முதுகெலும்புக் கட்டைகளுள் ஒன்று, சுமை தூக்கும்போதோ குனியும்போதோ முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவம் கொள்கிறது. இரண்டு மூன்று கட்டைகள் அவ்வாறு நசுங்கினால் உயரம் குறைகிறது. முதுகு முன்னோக்கி வளைகிறது. நாம் வயதின் அடையாளம் என்று எண்ணும் கூன் பல வேளைகளில் பழைய முறிவுகளின் வடுவே ஆகும். இத்தகைய முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு வைத்தியரின் கவனத்துக்கே வருவதில்லை. "முதுகு பிடித்துக்கொண்டது" என்று சொல்லிவிட்டு இருந்துவிடுகிறார்கள்.

உழைப்பு எலும்பைக் கெடுக்கிறதா என்று கேட்கலாம். எலும்பு தாங்கும் பாரத்துக்கேற்பத் தன்னை உறுதிப்படுத்திக்கொள்ளும் என்று ஜெர்மானிய வைத்தியர் ஜூலியஸ் வொல்ஃப் 1892 ஆம் ஆண்டிலேயே எழுதினார். மலை ஏறி இறங்கும் நடை எலும்புக்கு நல்லது. ஆயினும் அந்த உழைப்புக்கு ஈடான பாலும் மீனும் கீரையும் தட்டில் விழாதபோது, அடுத்தடுத்த பேறுகாலங்களிலும் ஊட்டம் போதாதபோது, உடல் எதைக்கொண்டு எலும்பைக் கட்டும்? கொற்றனுக்குக் கூலி கொடுத்தும் கல் கொடுக்காத கதை இது. மேலும், எலும்பு நலிந்தபின் முன்னே குனிந்து பாரம் தூக்குவது முதுகெலும்பின் முன்பக்கத்தை நசுக்கும். இருபது வயதில் நன்மை செய்த சுமை அறுபத்தைந்து வயதில் தீமை செய்கிறது.

சீனத்திலிருந்து களுபோவிலைக்கு

உடலில் குறித்த இடங்களில் மெல்லிய ஊசிகளைச் செலுத்தி நோய் தணிக்கும் கலை சீனத்தில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழங்கி வருகிறது. உயிராற்றல் சில பாதைகளின் வழியே உடலெங்கும் ஓடுகிறது; அது தடைப்படும்போது நோய் தோன்றுகிறது; ஊசி அத்தடையை நீக்குகிறது என்பது அவர்களுடைய கொள்கை. 2010 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை மானிடப் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

மேலைநாட்டார் இதன்பால் பெரிதும் கவனம் செலுத்தத் தொடங்கியது 1971 ஆம் ஆண்டில். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீக்கிங் நகருக்குச் சென்றிருந்தபோது குடல்வால் அழற்சி கண்டு அங்கேயே சத்திரசிகிச்சை பெற்றார். அதன்பின் வயிற்றில் தோன்றிய வேதனைக்குச் சீன வைத்தியர் ஊசி குத்தித் தணிவு அளித்ததை அவர் தம் நாட்டுப் பத்திரிகையில் எழுத, உலகம் வியப்புடன் படித்தது.

இலங்கையில் இக்கலை வேரூன்றியதற்கு முக்கிய காரணர் பேராசிரியர் அன்டன் ஜயசூரிய அவர்கள். வாதநோய் வைத்தியரான அவர் கொழும்பு தெற்கு வைத்தியசாலை என்னும் களுபோவிலை அரசாங்க வைத்தியசாலையில் அக்குபங்சர் பகுதியை நடத்தினார். அங்கே ஏழை எளியவர்கள் சிகிச்சை பெற்றனர். வெளிநாட்டு வைத்தியர்களும் வந்து பயின்றனர். 2005 ஆம் ஆண்டில் அவர் காலமானார். இன்று இலங்கையின் சிறு நகரங்களிலும் இந்த ஊசியின் பெயர் பழகிப்போயிருப்பதற்கு அவர் இட்ட வித்து ஒரு காரணம் எனலாம்.

சீன நூற்படி எலும்பும் சிறுநீரகமும்

சீன வைத்திய நூல்கள் எலும்பை ஆள்வது சிறுநீரகம் என்கின்றன. முதுமையில் சிறுநீரக ஆற்றல் தளர்வதால் எலும்பும் மச்சையும் வற்றுகின்றன என்பது அவற்றின் கருத்து. எனவே எலும்பு நலிவுக்கு ஊசி செலுத்துவோர் இடுப்பின் பின்புறம் முதுகுத்தண்டின் இருபக்கமும் உள்ள 'ஷென்ஷு' என்னும் சிறுநீரகப் புள்ளிகளையும், முழங்காலுக்குக் கீழே உள்ள 'சூசான்லி' என்னும் புள்ளியையும், எலும்புகள் அனைத்துக்கும் தலைவாசல் எனப்படும் மேல்முதுகுப் புள்ளியாகிய 'தாஷு'வையும் பெரிதும் நாடுகின்றனர். சிலர் ஊசியோடு மெல்லிய மின்னோட்டத்தைச் சேர்ப்பர். வேறு சிலர் மாசிப்பத்திரி இனத்து மூலிகையைத் திரித்துக் கொளுத்தி அப்புள்ளிகளுக்குச் சூடு காட்டுவர்.

இதனால் எலும்பு வளர்கிறதா? சூலகம் நீக்கப்பட்ட எலிகளில் மின்னூசி எலும்பு இழப்பைக் குறைத்ததாகச் சில சோதனைகள் கூறுகின்றன. மனிதரிடத்திலும், பெரும்பாலும் சீனத்தில், பல ஆராய்ச்சிகள் நடந்துள்ளன. அவற்றுள் சில எலும்பின் அடர்த்தி சற்றுக் கூடியதாகவும், பல முதுகுவலி குறைந்ததாகவும் தெரிவிக்கின்றன. ஆயினும் அவ்வாராய்ச்சிகளுள் பெரும்பாலானவை சிறியவை. சில மாதங்களே நீடித்தவை. ஊசியோடு மருந்தும் சேர்த்துக் கொடுத்தமையால் எதன் பயன் எது என்று பிரித்தறிய இயலாதவை. எல்லாவற்றுக்கும் மேலாக, எலும்புப்புரை கண்டவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எலும்பு முறிவது குறைந்ததா? அக்குபங்சர் முறிவைக் குறைக்கும் என்று நிலைநாட்டிய பெரிய ஆராய்ச்சி எதுவும் இன்றுவரை வரவில்லை.

வலி வேறு, எலும்பு வேறு

வலியைப் பொறுத்தவரை நிலைமை சற்று வேறு. ஊசி குத்தும்போது உடல் தானே சுரக்கும் எண்டோர்பின் முதலிய வலி தணிக்கும் பொருள்கள் வெளிப்படுவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஜெர்மனியில் நாட்பட்ட இடுப்புவலிக்காரர் 1,162 பேரைக்கொண்டு நடத்திய ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2007 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்குச் சீன முறைப்படி உரிய புள்ளிகளில் ஊசி செலுத்தினர். இன்னொரு பிரிவினருக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி செலுத்தினர். மூன்றாம் பிரிவினருக்கு மருந்தும் உடற்பயிற்சியுமாக வழக்கமான சிகிச்சை அளித்தனர். ஆறு மாதத்தின்பின் முதற்பிரிவில் நூற்றுக்கு 47.6 பேரும், இரண்டாம் பிரிவில் 44.2 பேரும், மூன்றாம் பிரிவில் 27.4 பேரும் குணம் கண்டிருந்தனர்.

இந்த எண்கள் இரண்டு செய்திகளைச் சொல்கின்றன. ஊசி பெற்றவர்கள் மற்றவர்களைவிட மேலான தணிவு பெற்றனர். ஆகவே ஊசியை வெறும் ஏமாற்று வித்தை என்று இகழ்வதற்கில்லை. அதே வேளையில் உரிய புள்ளியில் குத்தினாலும் வேறிடத்தில் குத்தினாலும் பெரும் வேறுபாடு இல்லை. ஆகவே கைபட்டதும் கவனிக்கப்பட்டதும் நம்பிக்கையும் பயனில் பெரும் பங்கு வகித்திருக்கக்கூடும். பிரித்தானியாவின் அரசாங்க வைத்திய வழிகாட்டி நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் இடுப்புவலிக்கு இதனை அளிக்க வேண்டாம் என்றது. 2021 ஆம் ஆண்டில், வேறு நோயால் விளக்க முடியாத நாட்பட்ட வலிக்கு இதனை எண்ணிப் பார்க்கலாம் என்றது. அறிஞர்களே இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

இங்கே குடும்பத்தினர் கருத்திற் கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. நசுங்கிய முதுகெலும்பின் கடுமையான வலி, சிகிச்சை எதுவுமின்றியே, பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் தணிந்துவிடும். வாரம் ஒன்றாகப் பத்து ஊசி குத்தி முடிப்பதற்கும் ஏறக்குறைய அதே காலந்தான் ஆகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, இயற்கை ஆற்றிய புண்ணுக்கு ஊசி பெயர் வாங்கிவிடுவதும் உண்டு. நசுங்கிய கட்டை நசுங்கியபடியே இருக்கிறது. அதற்கு மேலும் கீழும் உள்ள கட்டைகள் நலிந்தபடியே இருக்கின்றன. ஒருமுறை முதுகெலும்பு முறிந்தவருக்கு அடுத்த முறிவு நேரும் அபாயம் மற்றவரைவிடப் பன்மடங்கு அதிகம். வலி நின்ற நாளில்தான் உண்மையான சிகிச்சை தொடங்க வேண்டும்.

எலும்பைக் காக்கும் மருந்து

அச்சிகிச்சை எட்டாக் கனியன்று. எலும்பை அரிக்கும் உயிரணுக்களை அடக்கும் அலென்ட்ரொனேட் என்னும் மாத்திரை 1995 ஆம் ஆண்டிலிருந்து வழக்கில் உள்ளது. ஏற்கனவே முதுகெலும்பு முறிவு கண்ட 2,027 பெண்களிடம் அமெரிக்காவில் நடத்திய ஆராய்ச்சி 1996 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில், வெறும் மாத்திரை உண்டவர்களுள் நூற்றுக்கு 15 பேருக்குப் புதிய முதுகெலும்பு முறிவு நேர்ந்தது. அலென்ட்ரொனேட் உண்டவர்களுள் அது நூற்றுக்கு 8 பேருக்கே நேர்ந்தது. இடுப்பெலும்பு முறிவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழியே ஏற்றும் சொலெட்ரோனிக் அமிலம் என்னும் மருந்தும் உண்டு. இவை முறிவைக் குறைக்கின்றன என்பது நிலைநாட்டப்பட்ட உண்மை.

இம்மாத்திரையை உண்ணும் முறை முக்கியம். வாரத்தில் ஒருநாள், காலை வெறுவயிற்றில், ஒரு பெரிய கோப்பை தண்ணீருடன் விழுங்க வேண்டும். தேநீருடன் விழுங்கலாகாது. அதன்பின் அரைமணி நேரம் படுக்காமலும் உண்ணாமலும் நிமிர்ந்து இருக்க வேண்டும். இல்லையேல் மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கும். மருந்தும் உடலிற் சேராது. நெடுங்காலம் உண்போருக்கு மிக அரிதாகத் தாடையெலும்பிலும் தொடையெலும்பிலும் தொல்லை நேர்வதுண்டு. ஆதலின் பல் பிடுங்குமுன் வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர்க்கு இம்மருந்து ஏற்றதன்று. வைத்தியரின் கண்காணிப்பின்றிக் கடையில் வாங்கி உண்ணத்தக்கதும் அன்று.

கொழுந்துத் தராசு சொல்லும் செய்தி

"எங்கள் தோட்டத்தில் எலும்பை அளக்கும் இயந்திரம் ஏது?" என்று கேட்பீர்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் விசேட எக்ஸ்ரே இயந்திரம் தோட்டப்புறத்தில் கிடைப்பதில்லை என்பது மெய். ஆனால் எவருக்கு அந்தச் சோதனை அவசியம் என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஆசிய நாடுகள் எட்டில் மாதவிடாய் நின்ற பெண்களை ஆராய்ந்து 2001 ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிடப்பட்டது. அதற்கு வேண்டியவை இரண்டே: வயது, உடல் எடை. கொழுந்து நிறுக்கும் தராசும் பள்ளிப்பிள்ளையின் கணக்கறிவும் போதும்.

வயதிலிருந்து கிலோகிராம் கணக்கிலான எடையைக் கழியுங்கள். மிகுதி 20க்கு மேற்பட்டால் எலும்புப்புரை இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். 5 முதல் 20 வரையானால் நடுத்தரம். 5க்குக் கீழ்ப்பட்டால் குறைவு. ஒரு பாட்டிக்கு வயது 66, எடை 40 கிலோ என்று கொள்வோம். மிகுதி 26. அவர் தாமதமின்றி வைத்தியரைக் காண வேண்டியவர். அதே வயதில் 58 கிலோ எடையுள்ளவருக்கு மிகுதி 8. அவர் நடுத்தரப் பிரிவினர். இந்தக் கணக்கு நோயைத் தீர்ப்பளிப்பதன்று. கதவைத் தட்டிச் சொல்லும் எச்சரிக்கை மாத்திரமே. ஆயினும் மெலிந்த உடலினர் நிறைந்த நம் தோட்டங்களில் இந்தத் தட்டல் பல வீடுகளிற் கேட்கும்.

இக்கணக்கு எதைச் சொன்னபோதிலும் வைத்தியரை நாடவேண்டிய அறிகுறிகள் சில உள. இளமையில் இருந்த உயரத்தில் நான்கு சென்டிமீற்றருக்கு மேற் குறைதல். புதிதாகக் கூன் விழுதல். நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டோ இடுப்போ முறிதல். பாரம் தூக்குகையில் திடீரென முதுகு வலித்தல். நாற்பத்தைந்து வயதுக்கு முன் மாதவிடாய் நிற்றல். தாய்க்கோ தந்தைக்கோ இடுப்பெலும்பு முறிந்திருத்தல். இழுப்புக்கோ வாதத்துக்கோ பல மாதங்கள் ஸ்டீரொயிட் மாத்திரை உண்டிருத்தல். கடைசியாகச் சொன்னதில் கூடுதல் கவனம் தேவை. உடனே வலி போக்கும் என்று பொட்டலத்தில் விற்கும் பெயரற்ற சூரணங்களில் ஸ்டீரொயிட் கலந்திருப்பது பல நாடுகளிற் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. அது வலியை ஓட்டி, எலும்பையும் அரித்துவிடும்.

அரசாங்க வைத்தியசாலையிற் சாதாரண எக்ஸ்ரே படம் பிடித்தாலே நசுங்கிய முதுகெலும்பு தெரிந்துவிடும். பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு ஒருமுறை இறங்கிச் செல்வது, பத்துத் தடவை ஊசிக்காகப் பஸ் ஏறுவதினும் முதலில் செய்ய வேண்டியது. "முதுகு வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், "என் எலும்பு நலிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், ஐயா" என்று கேட்பதற்குத் தயங்கவேண்டாம்.

அடுப்படியிலும் படிக்கட்டிலும்

மருந்துக்கு முன்னும் பின்னும் உணவு வேண்டும். வயது முதிர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் வரை கல்சியம் தேவை என்பர். ஒரு கோப்பை பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் உண்டு. பால் கட்டுப்படியாகாத வீட்டில் குரக்கன் கைகொடுக்கும். 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் உண்டு. முருங்கைக்கீரையிலும் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. முள்ளோடு உண்ணும் நெத்தலிக் கருவாடும் எள்ளும் நல்லவை. கருவாட்டை நன்றாக ஊறவைத்து உப்பைப் போக்கிச் சமைக்கவேண்டும். பருப்பும் முட்டையும் எலும்பின் தசைச்சட்டத்துக்கு வேண்டிய புரதம் தருவன. வெற்றிலையோடு மெல்லும் சுண்ணாம்பு எலும்புக்கு உரமாகும் என்று சில முதியவர் கருதுகின்றனர். அக்கருத்து பிழை. வெற்றிலை பாக்கு மெல்லுதல் வாய்ப்புற்றுக்கு வழிகோலும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் உறுதிப்படுத்தியுள்ளது.

இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களுள் ஐவரில் ஒருவர் என்ற அளவில் ஓராண்டுக்குள் இறப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. பிழைத்தவர்களுள்ளும் பலர் பழையபடி நடப்பதில்லை. அந்த முறிவு பெரும்பாலும் ஒரு வழுக்கலில் தொடங்குகிறது. லயத்துப் படியில் படிந்த பாசியைச் சுரண்டுவதற்குப் பணம் தேவையில்லை. படியோரத்தில் பிடித்து நடக்க ஒரு மூங்கிற் கைப்பிடி, இரவில் வெளியே செல்லக் கையில் ஒரு டோர்ச் விளக்கு, தேய்ந்துபோன செருப்புக்குப் பதில் புதுச் செருப்பு, கண்புரை வளர்ந்திருந்தால் அதனை நீக்கும் சத்திரசிகிச்சை ஆகிய இவை ஒவ்வொன்றும் ஓர் எலும்பைக் காக்கக்கூடும். விறகும் தண்ணீரும் சுமக்கும் வேலையை வீட்டின் இளையோர் ஏற்க வேண்டும். பாட்டி கைத்தடியுடன் காலையும் மாலையும் உலாவ வேண்டும். படுத்த படுக்கை எலும்பை மேலும் உருக்கும்.

ஊசியை நாடுவோருக்கு

அக்குபங்சரை முற்றிலும் விலக்கச் சொல்வது நம் நோக்கமன்று. வலி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்படுத்தும் முதியவருக்கு ஊசி ஓர் ஆறுதலாக அமையலாம். வலி குறைந்தால் நடை கூடும். நடை கூடினால் எலும்புக்கும் நன்மை. ஆனால் சில விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். எக்ஸ்ரேயும் வைத்தியர் ஆலோசனையும் முதலில், ஊசி அதன்பின். ஒருமுறை பாவித்து எறியும் புத்தூசியை, உறையைக் கண்ணெதிரே பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். பழைய ஊசி ஈரல் அழற்சி நோயைப் பரப்பவல்லது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மெலிந்த மேனியில் மார்பின்மீதும் மேல்முதுகிலும் ஆழக் குத்தினால் நுரையீரல் துளைபடவும் கூடும். பயிற்சி பெற்றவரிடம் மாத்திரமே செல்க. ஊசியோடு முதுகை அமுக்கி நெட்டி முறிக்கும் வைத்தியத்தையும் சேர்த்துச் செய்ய முன்வந்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். நலிந்த முதுகெலும்பு அந்த அமுக்கத்தில் நொறுங்கலாம். "எலும்பு மாத்திரையை நிறுத்திவிடு, ஊசியே போதும்" என்று எவரேனும் சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதே அறிவுடைமை.

மறுபடியும் ஸ்பிரிங்வெளி லயத்து வாசலுக்கு வருவோம். பாட்டியின் அருகில் பன்னிரண்டு வயதுப் பேத்தி புத்தகப் பையுடன் நிற்கிறாள். "அப்பாயி, உங்கள் வயது எத்தனை? வாருங்கள், தராசில் ஏறுங்கள்" என்று அவள் கூப்பிடட்டும்; கழித்தல் கணக்கை அவளே போடட்டும். கணக்கின் விடையைப் பார்த்து மகன் அனுப்பும் பணத்தின் முதற் செலவு எதுவென்று வீட்டார் முடிவு செய்யட்டும். அப்படியே அந்தப் பேத்தியின் கோப்பையில் பாலோ குரக்கன் கஞ்சியோ இருக்கிறதா என்றும் பாருங்கள். முப்பது வயதுக்குள் அவள் சேர்த்துவைக்கும் எலும்பே அறுபது வயதில் அவளுக்கு உதவும் சேமிப்பு. பாட்டிக்கு நாம் செய்யத் தவறியதைப் பேத்திக்கேனும் செய்தால், அவள் முதுமையிலும் நமுனுகுலைச் சிகரத்தை நிமிர்ந்து நின்று பார்ப்பாள்.